மைனஸ் இருபத்திரண்டில் கணக்கெடுப்பு

வங்கியிலிருந்து வந்த பெண்ணுக்கு
என் பழைய குளிர்கோட்டைக் கொடுத்தேன்.
முழங்காலுக்குக் கீழே தொங்கியது.
கையில் பட்டியல், பையில் மூன்று பேனா.
எதற்கு மூன்று என்று கேட்கவில்லை.
உள்ளே போனால் தெரியத்தான் போகிறது.

முதல் பேனா
ஏழாவது நிமிடத்தில் நின்றது.

பெயர் அனெலீன். கோர்ட்ரெய்க் கிளை.
பட்டாணியைப் பட்டாணி என்று அவள் சொல்லவில்லை,
ஈடு என்றாள்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பாலெட் ஈடு.
வரிசை வரிசையாக நடந்தோம்.
யோர்டான் ஃபோர்க்லிஃப்டை ஓரங்கட்டி
எங்களுக்கு வழிவிட்டான்,
சவ ஊர்வலத்துக்கு விடுவதுபோல.

ஏன் இவ்வளவு கடன் என்று
அவளாகவே கேட்டாள்.
கணக்குப் புத்தகத்தில் இல்லாததா?
இருந்தாலும் சொன்னேன்.
வயலில் பிடுங்கிய இரண்டரை மணி நேரத்தில்
பட்டாணி உறைந்தாக வேண்டும்,
தவறினால் இனிப்பெல்லாம் மாவாகிவிடும்.
விற்ற பணமோ தொண்ணூறு நாள் கழித்துத்தான்.
ஆறு வாரத்தில் வாங்கி
ஐம்பத்திரண்டு வாரம் விற்கிறோம்.
இந்த இடைவெளியில்தான்
எங்கள் முதலாளி லீவன் படுத்திருக்கிறார்,
தூங்குகிறாரா தெரியாது.

இந்த வருஷம் அதுவும் கோணலாகப் போயிற்று.
மார்ச் முழுக்க மழை, விதைப்பு தள்ளிப் போனது.
மே மாதம் ஒரு சொட்டு இல்லை.
நாலு கட்டமாக முற்ற வேண்டிய வயல்கள்
ஒன்பது நாளில் ஒன்றாக முற்றின.
வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை.
இரவு பகலாக ஓடியும் வௌட்டரின் பதினொரு ஹெக்டேருக்கு
எங்கள் இயந்திரம் போய்ச் சேரவில்லை.
காசும் கொடுத்து
உழுது புதைக்கவும் சொன்னோம்.
அந்தக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வௌட்டர் சொன்னான்:
அடுத்த வருஷம் உருளைக்கிழங்கு.
சிப்ஸ் ஃபேக்டரிக்காரன் கூடவே தருகிறான்.
கிழங்குக்கு இரண்டரை மணி நேரம் கிடையாது,
இரண்டரை மாதம்கூடக் கொட்டகையில் கிடக்கும்.

அவனைத் திட்ட
எனக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

இரண்டாவது பேனா
கீரை வரிசையில் செத்தது.

சூப்பர்மார்க்கெட் விலை உயர்த்தாதா என்றாள்.
போன வாரம்தான் கடிதம் வந்தது:
பைக்கு ஒரு சென்ட் குறைக்கும்படி,
அன்புடன்.

பிறகு மின்சாரம்.
என் ஃபோனில் மணிக்கொரு விலை வரும்.
வெயில் அடிக்கும் ஞாயிறு மதியம்
விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும்.
அப்போது கம்ப்ரெஸர்களை முழு மூச்சில் ஓட்டி
கிடங்கை மைனஸ் இருபத்தேழுக்கு இறக்குவேன்.
எறும்பு நொய் சேர்ப்பதுபோல்
குளிர் சேர்க்கிறேன்.
மாலை விலை ஏறும் நேரத்தில்
அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறேன்.
ஊர் முழுக்க அடுப்பில் சட்டி வைக்கும் நேரம்,
எங்கள் பையைப் பிரித்துக் கொட்டும் நேரம்.

கடைசி வரிசை.
மூன்றாவது பேனாவை உதறினாள், வாயில் வைத்து ஊதினாள்.
அந்த ஊதலும் வெள்ளையாக உறைந்து
பட்டியலின் மேல் படிந்தது.
"இதெல்லாம் எவ்வளவு நாள் கெடாது?"
இரண்டு வருஷம்.
"மின்சாரம் இல்லாவிட்டால்?"

மணி ஆறு.

கம்ப்ரெஸர்கள் நின்றன.
அத்தனை நேரம் சத்தம் இருந்ததே
நின்ற பிறகுதான் காதுக்குத் தெரிந்தது.
எங்கோ ஓர் அட்டைப்பெட்டி
முறிந்து அமர்ந்தது.
அனெலீன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.
பழுதில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றேன்,
ஒன்பது மணிக்குப் போடுவேன்.
அவள் பார்வை சுவர் வெப்பமானியில்.
இருபத்திரண்டு.
இருபத்திரண்டு.
இருபத்தொன்று புள்ளி ஒன்பது.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தேன்.
இங்கே அதுதான் எழுதும்.
எல்லாம் சரியாக இருக்கிறது என்று
ஒரே வரி எழுதினாள்,
எண்ணை இரண்டு முறை
அழுத்தி எழுதினாள்.

வெளியே வந்ததும் கண்ணாடி மூடுபனியாகி
தன் கார் எங்கே என்று என்னையே கேட்டாள்.
கோட்டை மடித்துத் தந்தாள்.
பென்சிலோடு போய்விட்டாள்.

சாலையில் ஒரு டிராக்டர்
கிழங்கு ஏற்றிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் திரும்பியது.
ஓட்டியவன் கையசைத்தான்,
நானும் அசைத்தேன்.
ஒன்பது மணிக்கு இன்னும்
இரண்டு மணி பதினேழு நிமிடம்.